சீட்டு கிடைக்கிறது, வேலை தள்ளிப் போய்விட்டது

வட சென்னையின் கல்மண்டபம் பக்கத்தில் பத்தாவது முடித்த பையனுக்கு ஒரு காலத்தில் கண்ணில் பட்ட வழிகள் மூன்று: காசிமேட்டுப் படகு, துறைமுகக் கூலி, ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையம். மூன்றாவதில் இடம் பிடித்தவனுக்குத் தெருவில் தனி மரியாதை. ஃபிட்டர், டர்னர் சான்றிதழுக்கான வேலை அப்போது கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1950களிலேயே எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் காலூன்றிவிட்டன. விம்கோ தீப்பெட்டி ஆலை இருந்தது. மேற்கே பெரம்பூரில் பி அண்டு சி மில் இருந்தது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும் என்று ஆலைகளைக் கட்டாயப்படுத்தியது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்று அதே சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே கால் வைத்தவனுக்கு நம்பிக்கை இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருந்தான். அன்று கஷ்டம் சீட்டு வாங்குவதில்; வாங்கியவன் பாதியில் விட யோசிப்பான்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. கன்டெய்னர்கள் வந்ததும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கைகளுக்கு வேலை குறைந்தது. 1996இல் பி அண்டு சி மில் மூடப்பட்டது. கார் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எழுந்தன. திருவொற்றியூரில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டே 2013இல் அதே பக்கம் ஓரகடத்தில் புது ஆலை திறந்தது.

இன்று சேர்வது எளிது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.கள் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாயின. அரம் பிடித்துப் பழகிய பட்டறைக்குப் பக்கத்தில் ரோபோவும் சி.என்.சி. இயந்திரமும் வந்து நிற்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று வட சென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. ஐ.டி.ஐ. மாணவிகளுக்கும் அது உண்டு. 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டம் அதையே பையன்களுக்கும் தந்தது. சேரும்போது மொத்தமாகத் தராமல் மாதாமாதம் வங்கிக் கணக்கில் போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது: படிப்பில் இருக்கும் வரைதான் பணம்.

ஆனாலும் இழுக்கும் கைகள் பல. உணவு டெலிவரி, மீன் ஏலக் கூடம், கன்டெய்னர் லாரி என்று எங்கே போனாலும் சீக்கிரமே கைக்குக் காசு வரும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் 'ஒரு மாசம் மட்டும்' என்று போனவன் பட்டறைக்குத் திரும்புவது அரிது. படித்து முடித்தவனுக்கும் வேலை ஓரகடத்தில்; கம்பெனி பஸ், ஷிப்ட், ஒப்பந்தம். பெண் பிள்ளைக்கு இரவு ஷிப்ட் என்றால் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தையே நடக்கும். வடக்கே மிச்சமிருக்கும் ஆலைகளிலும் நிரந்தர இடம் சுலபத்தில் கிடைப்பதில்லை.

அன்று ஒரு நிலையத்தின் மதிப்பை வாசலில் நின்ற கூட்டமே சொல்லிவிடும். இன்று அந்தக் கணக்கு உதவாது. சேர்ந்த நூறு பேரில் முடித்தவர் எத்தனை, ஓராண்டு கழித்தும் அதே தொழிலில் நிற்பவர் எத்தனை, கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்று, பிள்ளையைச் சேர்க்கும் முன்பே கல்மண்டபத்துப் பெற்றோர் கேட்க வேண்டும். பதில் சொல்லும் நிலையத்தில் சேர்க்கலாம்.