கடல் கடந்த மலைப்பாம்பு



2017ஆம் ஆண்டு தை மாதத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர், ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்துக்குச் சென்றனர். அம்மாநிலத்து வனவுயிர் ஆணைக்குழுவினர் அவர்களைப் பாம்பு பிடிப்பதற்காகவே வரவழைத்தனர். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய நாடு, பரம்பரைப் பாம்புபிடிகாரரை நாடவேண்டி வந்தது எதனால்?

பிடிக்கவேண்டியிருந்தது பர்மிய மலைப்பாம்பு. நம் நாட்டுக் காடுகளில் வாழ்வதும், வெங்கணாந்தி எனவும் வழங்கப்படுவதுமான மலைப்பாம்புக்கு இது நெருங்கிய உறவினம். இதன் தாயகம் மியன்மார், தாய்லாந்து, தென்சீனம் முதலிய நாடுகள். நஞ்சற்றது, அழகிய புள்ளித் தோலுடையது. ஆதலால் செல்லப் பிராணியாக வளர்ப்பதற்கென 1996ஆம் ஆண்டுக்கும் 2006ஆம் ஆண்டுக்கும் இடையில் மாத்திரம் 90,000க்கு மேற்பட்டவை அமெரிக்காவில் இறக்குமதியாயின.

குட்டியாயிருக்கையில் அது இரண்டடி நீளந்தான். சிறு பிள்ளையும் கையில் ஏந்தலாம். சில ஆண்டுகளிலே பத்தடியைத் தாண்டிவிடும். முயல் முயலாகத் தீனி கேட்கும் அப்பிராணியை வீட்டில் வைத்திருக்க யாருக்குத்தான் மனம் வரும்? கொல்லவும் மனமில்லாதவர் சிலர், எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்புநிலத்தின் ஓரத்தில் அதனை விட்டுச் சென்றனர். 1992ஆம் ஆண்டு வீசிய அன்ட்ரூ புயலில் பாம்புப் பண்ணையொன்று அழிந்து, பல பாம்புகள் தப்பியதாகவும் கூறுவர். புயலின்மேற் பழிபோடுவது எளிது. ஆனால் 1979ஆம் ஆண்டிலேயே அப்பகுதியில் ஒரு மலைப்பாம்பு அகப்பட்டிருந்தது. அவை அங்கே இனம்பெருக்கி வாழ்கின்றன என்பதை அறிஞர் ஒப்புக்கொண்டதோ 2000ஆம் ஆண்டளவிலேதான்.

விளைவு என்ன? 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பாம்பு நெடுநாள் குடியேறிய பகுதிகளில் இரக்கூன் என்னும் சிறுவிலங்கைக் காண்பது 99 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதென்றது. சதுப்பு முயல்கள் கண்ணிற் படவேயில்லை. வளர்ந்த பாம்பை எதிர்க்க அங்கே முதலையன்றி வேறு விலங்கு அரிது.

பிடித்து ஒழிக்கலாமே என்று தோன்றும். அந்தப் பூங்கா மட்டும் ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர். பெரும்பகுதி நீரும் கோரைப்புல்லும். அருகிற் கிடக்கும் பாம்பையும் தேர்ந்த கண் காண்பது நூற்றுக்கு ஒரு தடவைகூட இல்லை. 2013ஆம் ஆண்டுப் பாம்பு வேட்டைப் போட்டியில் ஏறத்தாழ 1,600 பேர் கலந்துகொண்டு, பிடித்தவை 68 மாத்திரமே! இருளர் இருவரோ இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். வேட்டைக்காரர் தெருவோரமாக வாகனத்திற் செல்ல, இவர்கள் புதருக்குள் நடந்து, எச்சத்தையும் ஊர்ந்த தடத்தையும் பார்த்தே பாம்பிருக்கும் இடத்தை அறிந்தனர். கீ லார்கோ தீவிலே, பழைய ஏவுகணைத் தளமொன்றின் இடிபாடுகளிலிருந்து 16 அடிப் பெண்பாம்பொன்றை வெளிக்கொணர்ந்தனர். இவ்விருவருக்கும் 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மசிறீ விருதளித்தது.

இனிச் சட்டத்தின் கதையைக் கேளுங்கள். புளோரிடாவில் 2008ஆம் ஆண்டு முதல், இத்தகைய பாம்பு வளர்ப்போர் ஆண்டுக்கு 100 டொலர் செலுத்தி அனுமதி பெறவும், பாம்பின் தோலுக்கடியில் அரிசியளவான அடையாளச் சில்லைப் பொருத்தவும் வேண்டியதாயிற்று. விட்டோடிய பாம்பு எவருடையதென அறிவதற்கே இவ்வேற்பாடு. 2010ஆம் ஆண்டில் புதிதாக வாங்கி வளர்ப்பதே தடுக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் மத்திய அரசு இறக்குமதியையும், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையும் தடைசெய்தது. ஊர்வன வளர்ப்போர் வழக்குத் தொடுத்தனர். கண்டத்து மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதைத் தடுக்க அச்சட்டத்தில் இடமில்லை என 2017ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. கவனமாகப் பேணுவோரையும் கண்டபடி விடுவோரையும் ஒரே தட்டில் வைப்பதா என்பது அவர்களது முறைப்பாடு. அதில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பெண்பாம்பு ஒரே முறையில் ஐம்பது முட்டைகளுக்கு மேலும் இடக்கூடியது. கவனமில்லாத சிலரே போதும்.

தண்டனைக்கஞ்சி இரவில் விடுவதைத் தவிர்க்க, வளர்க்க இயலாதவர் கேள்வியின்றி ஒப்படைக்கும் ஏற்பாடும் அங்குண்டு. தக்க ஒருவர் அப்பிராணியை ஏற்றுக்கொள்கிறார். எனது கருத்தில், சட்டங்கள் பலவற்றினும் இவ்வேற்பாடே பயனுள்ளது.

இதுவரை 20,000க்கு மேற்பட்ட பாம்புகள் அகற்றப்பட்டுள்ளன. முற்றாக ஒழிக்கலாமென இப்போது அறிஞர் நம்பவில்லை. ஆண்பாம்பின் உடலினுள் சிறிய வானொலிக் கருவியைப் பொருத்தி விடுகிறார்கள். இனச்சேர்க்கைக் காலத்தில் அது பெண்பாம்பைத் தேடிச்செல்ல, அதன் ஒலிக்குறியைப் பின்தொடர்ந்து இவர்களும் சதுப்பிலே நடக்கிறார்கள்.