காற்றுப் பை: ஸ்காட்லாந்தில் முளைக்காத மரம்

துத்தி என்னும் நம்மூர்க் காற்றுப் பை வாத்தியமும் அதன் ஆட்டுத்தோலும் சென்ற வாரத்தோடு முடிந்தன. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் மீரட், சியால்கோட் பேக்பைப் பட்டறைகளுக்குப் போவதாகப் பேச்சு. வாசலிலேயே மரம் வழிமறித்துவிட்டது.

அந்தமான் தலைநகரின் ஷாதிபூரில் இருப்பவர்களுக்கு மரம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது படாக்தான். அதே ஊரின் இன்னொரு முனையில், 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை அந்தச் செந்நிற மரத்தை அறுத்துத்தான் பேர் வாங்கியது. கதவுக்கும் கட்டிலுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பேக்பைப் கடைபவர்கள் தேடியது வேறு மரம். படாக்கின் நுண்துளைகள் பெரியவை. ஊதுபவரின் மூச்சு ஈரம் குழலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். துளையின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக நின்றால்தான் சுருதி நிற்கும். அதற்கு இழை நெருங்கிய, நீரில் போட்டால் மூழ்குகிற மரம் வேண்டும்.

அந்த மரம் ஸ்காட்லாந்தில் இல்லை! ஒரு தேசத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட வாத்தியத்தில் உள்ளூர்ச் சரக்கு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது செம்மறித்தோல்தான். பழைய கைவினைஞர்கள் பாக்ஸ்வுட், லபர்னம் போன்ற ஐரோப்பிய மரங்களில் கடைந்தார்கள். பிறகு ஜமைக்காவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் கோகஸ் மரம் வந்தது. சர்க்கரையும் ரம்மும் கொண்டுவந்த கடல்வழிதான் அதற்கும். கருங்காலியும் வந்தது. வளையங்களுக்கு யானைத் தந்தம். சீவாளிக்கு மத்தியதரைக் கடலோர நாணல். 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் பட்டறை வைத்திருந்த ஹியூ ராபர்ட்சன், அடுத்த நூற்றாண்டின் க்ளென் குடும்பத்தார், கிளாஸ்கோவின் பீட்டர் ஹெண்டர்சன் எல்லோரும் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்தவர்கள். வெட்டி வெட்டிக் கோகஸ் அரிதானதும், கிழக்கு ஆப்பிரிக்காவின் கருமரம் அந்த இடத்தைப் பிடித்தது. இன்றுவரை அதுதான் ராஜா.

இந்த ஆப்பிரிக்கக் கருமரம் நம் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் டால்பெர்ஜியா பேரினம்.

மரம் கிடைத்தால் மட்டும் போதாது, அது ஆற வேண்டும். ஒரே சுருதியை இழுத்து நிற்கும் ட்ரோன் குழலுக்கான கட்டையைப் பருமனாகக் கடைந்து, நடுவில் சிறு துளை மட்டும் போட்டு எடுத்து வைத்துவிடுவார்கள். மாதங்கள் போகும், சில பட்டறைகளில் வருடங்களும் போகும். உள்ளிருக்கும் இறுக்கம் தளர்ந்து கட்டை லேசாக வளையும். வளைந்து முடித்த பிறகே உண்மையான துளை. அவசரப்பட்டால் வாங்கியவர் கையில் குழல் விரியும்.

நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் இதற்குக் கண்ட வழி இன்னும் அழகானது. நாகஸ்வரத்தின் உலவு என்னும் குழலுக்கு ஆச்சா மரம். அதுவும் பச்சை மரம் ஆகாது. இடித்த பழைய வீடுகளின் தூணையும் உத்திரத்தையும் தேடி வாங்குவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூரையைத் தாங்கி வெயிலும் மழையும் பார்த்த மரம் இனி எங்கே வளையப்போகிறது? ஸ்காட்லாந்துக்காரர் அலமாரியில் வைத்துக் காத்திருந்ததை, காவிரிக்கரைக்காரருக்காக யாரோ ஒருவருடைய வீடு செய்து முடித்திருக்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரத்தை உருவாக்கியது இந்த ஊரில்தான். இவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் விரிந்த அடிப்பகுதியான அணசு, சீவாளி பற்றியெல்லாம் எழுதப் புகுந்தால் தனித் தொடரே வேண்டும்.

மீரட்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது தெரிகிறது. ஒரு நூல் மட்டும் இப்போதே கையில் கொடுத்துவிடலாம். அங்கும் சியால்கோட்டிலும் பைப்புகளுக்கு அதிகம் கடையப்படுவது ஷீஷம், அதுவும் டால்பெர்ஜியாதான். கருமரத்தைவிட எடையும் விலையும் குறைவு, ஈரம் தாங்கும் திறனும் குறைவு. அதை வைத்துக்கொண்டே சியால்கோட் எப்படி உலகச் சந்தையைப் பிடித்தது, மீரட்டின் ஜலி கோட்டிப் பகுதியில் உள்ள, 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் எப்படி ஊர் ஊராக பேண்டு வாத்தியம் அனுப்பியது என்பது அடுத்த வாரம்.