உங்களுக்குத் தெரியுமா? மதில் இல்லாத சிறை

திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடி மலைக்கு ஏறும் வழியில் கல்லாற்றில் இறங்கிக் கால் நனைப்பவர்கள் பலர். அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், தெற்கே நெய்யாறு அணைப் பக்கம் இருக்கிறது நெட்டுகால்தேரி. கேரளத்தின் முதல் திறந்தவெளிச் சிறை 1962-இல் இங்கேதான் தொடங்கியது.

● இங்கே உயர்ந்த மதில் கிடையாது. ரப்பர் தோட்டம் உண்டு. பால் வெட்டுவது கைதிகள். பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்படும். தண்டனை பெற்றவர் கையில் கத்தியைக் கொடுத்து, அவரை நம்பித் தோட்டத்தை ஒப்படைக்கிறார்கள்.

● யார் வேண்டுமானாலும் இங்கே வந்துவிட முடியாது. மூடிய சிறையில் நன்னடத்தையோடு இருந்த தண்டனைக் கைதிகளுக்கே இடம்.

● திருவனந்தபுரம் பூஜப்புரை மத்திய சிறையில் கைதிகள் சுடும் சப்பாத்தியை ஊரே வாங்கிச் சாப்பிடுகிறது. பிறகு கைதிகள் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க்கும் வந்தது.

● தமிழ்நாட்டில் புழல், பாளையங்கோட்டை உள்ளிட்ட சிறைகளும் பெட்ரோல் பங்க் நடத்துகின்றன. சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்புத் திறந்தவெளிச் சிறையில் விவசாயம் நடக்கிறது.

● சென்னை மாகாணம் 1925-லேயே போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. 16 முதல் 21 வயது வரையிலான இளைஞர்களைப் பழுத்த குற்றவாளிகளோடு சேர்க்காமல், தனியே வைத்துத் தொழில் கற்றுத்தர வழிசெய்த சட்டம் அது.

● பாலக்காட்டில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1948-இல் சிறையில் இருந்தவர். 1957-இல் கேரளத்தில் சிறைத் துறையையும் கவனித்த அமைச்சர். உச்ச நீதிமன்ற நீதிபதியான பின், 1977-இல் கியாசுதீன் என்பவரின் வழக்கில், தண்டனையின் நோக்கம் மனிதரைச் சீர்படுத்துவதே என்று விரிவாக எழுதினார்.

● சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை பிரிக்கும் சிறை விதிகள் செல்லாது என்று 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த சாதியைக் காட்டித் துடைப்பத்தைக் கையில் திணித்தால் யாரும் திருந்தமாட்டார்கள், மனம்தான் கசந்துபோகும்.

● கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றம் செய்தவர் உழைத்துப் பரிகாரம் தேட, இழந்தவர் குடும்பத்துக்கும் ஓர் ஆதரவு கிடைக்கிறது. வெறுமனே பூட்டிவைத்தால் இந்த இரண்டுமே நடக்காது.