ஏறத் தெரிந்தால் மட்டும் போதுமா?

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் என் வீட்டுக்கு எதிரே ஒரு பழைய வேப்பமரம் நிற்கிறது. சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன்பாக, வீட்டின் மேல் சாய்ந்திருந்த கிளைகளை வெட்டுவதற்கு ஒருவரை அழைத்திருந்தோம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிவாளை இடுப்பில் செருகி, வெறுங்காலுடன் ஏறினார். மூன்றாவது கிளையை வெட்டும்போது கால் வழுக்கியது. ஏறக்குறைய இருபது அடி உயரத்தில் இரு கைகளால் கிளையைப் பற்றியபடி தொங்கினார்.

கீழே நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். ஒருவர் ஏணிக்கு ஓடினார். ஒருவர் போர்வையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். மற்றவர்கள் கூச்சலிட்டோம். ஏணி வந்து சேர்வதற்குள் அவரே காலை வீசிக் கிளையில் ஏறி, மெல்ல இறங்கி வந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. 'இதெல்லாம் நமக்குப் பழக்கந்தான் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அன்று என்னை உறுத்தியது அவர் வழுக்கியது அன்று. அவரைக் காப்பாற்ற எங்களில் ஒருவருக்கும் வழி தெரியாமல் இருந்ததுதான். இதற்கென்று ஏதேனும் முறை உலகில் இருக்கிறதா என்று தேடியபோது, மரம் ஏறுவதற்கென்றே நடத்தப்படும் ஒரு போட்டியைப் பற்றி அறிந்தேன்.

அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மரவளர்ப்பியல் சங்கம் அந்தப் போட்டியை நடத்துகிறது. 1976-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய அது, இன்று பல நாடுகளில் வட்டார அளவில் தேர்வானவர்கள் கூடும் உலகப் போட்டியாக வளர்ந்திருக்கிறது. பெண்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. பங்கேற்பவர்கள் மரங்களைக் கவாத்து செய்வதையும் பராமரிப்பதையும் தொழிலாகக் கொண்டவர்கள்.

மரம் ஏறும் போட்டி என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கிருஷ்ண ஜெயந்தி வழுக்கு மரம். எண்ணெய் பூசிய கம்பத்தின் உச்சியிலுள்ள பரிசை முதலில் தொட்டவர் வென்றவர். அந்தப் போட்டியோ வேறு வகை. முதற்சுற்றில் ஐந்து பிரிவுகள். வேகமாக ஏறுவது அவற்றுள் ஒன்று. அதிலும் ஏறுபவரின் உடலோடு பிணைத்த காப்புக் கயிற்றைக் கீழே ஒருவர் பிடித்திருப்பார். கயிற்றின் வழியாகவே மேலேறுவது இரண்டாவது. சிறு எடை கட்டிய மெல்லிய கயிற்றைத் தரையிலிருந்து வீசி, உயரத்தில் குறித்த கிளைகளுக்கு மேலாகப் போடுவது மூன்றாவது. மரத்தின் பல பகுதிகளில் மணிகளைக் கட்டிவைத்து, ஒவ்வோரிடத்துக்கும் சென்று கைரம்பத்தாலோ கம்பாலோ ஒலித்துவிட்டு, இறுதியில் தரையில் குறித்த வட்டத்துக்குள் இறங்குவது நான்காவது. ஐந்தாவது, மரத்தில் மயங்கித் தொங்குபவரை மீட்பது.

இந்த ஐந்தாவது பிரிவை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆள் எடையுள்ள பொம்மையொன்றைக் கச்சை கட்டி மரத்தில் தொங்கவிடுகிறார்கள். என்ன விபத்து என்று போட்டியாளருக்குச் சொல்லப்படும். அவர் உடனே மரத்தில் தாவிவிடக் கூடாது. அருகில் மின்கம்பி உள்ளதா, முறிந்த கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். தொங்குபவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டும். பின்னர் ஏறி, அவரைத் தம் கயிற்றோடு பிணைத்து, தலையும் கழுத்தும் அடிபடாமல் இறக்க வேண்டும். கச்சையில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், நேரக் கணக்கும் உண்டு. எனினும், விரைவை விட முறைக்கே மதிப்பெண் அதிகம். பாதுகாப்பு விதியை மீறினால், எவ்வளவு வேகமாகச் செய்திருந்தாலும் தகுதி நீக்கம் நேரலாம்.

அதற்கான ஆயத்தமும் கவனிக்கத்தக்கது. தாழ்ந்த கிளையில் மெதுவாகச் செய்து பிழையறப் பழகிய பின்பே உயரத்துக்குச் செல்கிறார்கள். பாரம் ஏறினால் கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு, பாரம் நீங்கினால் நழுவும் முடிச்சு ஒன்று உண்டு. அதைக் கண் பாராமலே கை போடும் வரை பயில்கிறார்கள். மரத்தைச் சுற்றி வந்து, எந்தக் கிளையில் தொடங்கி எங்கே முடிப்பது என்று தரையிலிருந்தே வழி வகுக்கிறார்கள். போட்டிக்கு முன்னர் ஒவ்வொருவரின் கயிறும் கச்சையும் கொக்கியும் தலைக்கவசமும் சோதிக்கப்படும். இழை பிரிந்த கயிறு அங்கேயே ஒதுக்கப்படும். பட்டைக்குக் காயம் உண்டாக்கும் என்பதால், உயிருள்ள மரத்தைக் கவாத்து செய்ய ஆணி பதித்த காலணியுடன் ஏறுவதை இத்தொழிலின் நெறிகள் ஏற்பதில்லை.

இதையெல்லாம் படித்தபோது, நம் பனையேறிகளே என் நினைவுக்கு வந்தனர். அவர்களிடமும் இதற்கு இணையான ஒழுங்கு உண்டு. காலுக்குத் தளைநார், நெஞ்சு உராயாமல் இருக்கத் தோல், அடிமரத்தில் சாய்த்து முதல் ஏற்றத்துக்கு முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள்பெட்டி, பாளையை நசுக்கக் கடிப்பு, கலயத்துக்குள் தடவச் சுண்ணாம்பு என எல்லாமே தொழிலறிவால் பிறந்தவை. பதநீர்ப் பருவத்தில் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரங்களைக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கியவர்கள் உண்டு. அந்தத் தளைநார் மரத்தையும் காயப்படுத்துவதில்லை. பனை ஓலையில் பொதிந்த ஓலை வெடி எங்கள் பகுதியின் பழைய பட்டாசு. கருப்பட்டி வணிகம் இந்த வட்டாரத்து ஊர்களை வளர்த்த தொழில்களுள் ஒன்று. இரண்டுக்கும் பின்னால் மரத்தின் மேல் ஒரு மனிதர் இருந்தார்.

ஆனால், அந்த ஒழுங்கில் இல்லாதது ஒன்று உண்டு. கைதவறினால் தடுத்து நிறுத்தும் கயிறு இல்லை. விழாமல் சிக்கிக்கொண்டவரை இறக்கும் முறையும் இல்லை. மாசி, பங்குனியில் புளி உலுக்க ஏறுபவர்கள், கிளை வெட்ட ஏறுபவர்கள் ஆகியோருக்குப் பனையேறிகளிடம் உள்ள தளைநார்கூட இல்லை.

வெளிநாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுவதும் தீர்வாகாது. வேம்பு, புளி போன்ற மரங்களில் கிளைக்கு மேல் கயிற்றை வீசித் தொங்கவிடலாம். பனைக்குக் கிளை இல்லை. அங்கே இடுப்புக் கச்சையோடு பிணைத்து மரத்தைச் சுற்றிப் போடும் கயிறே காப்பாக முடியும். அதைக் கருக்குமட்டையின் அருகே எப்படி நகர்த்துவது என்பதைப் பனையேறிகள்தான் சொல்ல முடியும். அவர்களை ஆசிரியர்களாக அமர்த்தாமல் வகுக்கப்படும் எந்தப் பயிற்சியும் காகிதத்திலேயே நின்றுவிடும்.

தொடக்கம் இல்லாமல் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கி, கருவி கொண்டு தென்னை ஏற இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கற்றுத் தந்தது. விழுப்புரம் மாவட்டம் நரசிங்கனூரில் பனையேறிகளே கூடிப் பனைத் திருவிழா நடத்தியிருக்கிறார்கள். தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கைகளும் பனை வளர்ப்புக்கு இடம் தந்திருக்கின்றன. நம் மாநில மரமான பனையைக் காப்பது பற்றிப் பேசுகிறோம். அதில் ஏறுபவரைக் காப்பது பற்றியும் அதே அக்கறையுடன் பேச வேண்டும்.

போட்டி வைத்தால் இளைஞர்கள் துணிச்சலைக் காட்டப்போய் விழுந்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். வேகத்துக்கு மட்டும் பரிசு தந்தால் அப்படித்தான் ஆகும். மீட்புக்கும் கருவிச் சோதனைக்கும் மதிப்பெண் தந்தால், போட்டியே வகுப்பறையாகிவிடும். கூலிக்கு மரம் ஏறுபவருக்குப் பயிற்சிக்கு நேரம் ஏது என்பதும் நியாயமான கேள்விதான். பயிற்சி நாளுக்குரிய கூலியும், முடிவில் ஒரு கச்சையும் கயிறும் தலைக்கவசமும் கையில் கிடைத்தால் அவர் நிச்சயம் வருவார்.

மீட்புப் பயிற்சியை நான் வலியுறுத்த எங்கள் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எப்போது நெருங்கக் கூடாது என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. மரத்தடியிலும் அதே நிலைதான். பதறிப்போய் ஏறுபவர் இரண்டாவதாக விழுபவராகிவிடக் கூடும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, பதநீர்ப் பருவம் தொடங்கும் முன் இத்தகைய போட்டி ஒன்றை நடத்தலாம். பனைமரத் தொழிலாளர் நல வாரியம், வேளாண் துறை, தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை ஆகிய மூன்றும் கைகோத்தால் செலவு பெரிதாகாது. முதல் இரண்டு நாள்கள் பயிற்சி, மூன்றாம் நாள் போட்டி என்று அமைக்கலாம். ஊராட்சிக்கு இருவர் மீட்பு முறையைக் கற்றுத் திரும்பினாலே, சில ஆண்டுகளில் மாவட்டம் முழுவதும் பயன் தெரியும்.

இந்த ஆண்டும் மழைக்கு முன் அவர் கிளை வெட்ட வருவார். இம்முறை ஒரு கயிறும் கச்சையும் வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றை எப்படிக் கட்டுவது, எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குக் கற்றுத் தர ஒருவர் வேண்டும். எங்கள் தெருவுக்கு மட்டுமன்று, மரமேறி பிழைக்கும் ஒவ்வோர் ஊருக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.