பெட்ரோல் முள்ளைச் சந்தேகிக்கும் முன்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார். அதில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் சட்டென்று எழாது. சோம்பல் முறித்தபடி மெல்லத்தான் ஏறும். புதிதாக வாங்கியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துப் பதறுவதுண்டு. 1960களின் நடுவிலிருந்து அந்தக் காரில் வந்த மீட்டரின் சுபாவமே அதுதான்.

இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் மின்சாரத்தைத் துண்டிக்குமே, அந்த ஈருலோகப் பட்டைதான் இந்த மீட்டருக்குள்ளும் இருக்கிறது. அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகி வளையும், முள் நகரும். வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் அலைமோதினாலும் முள் துள்ளாமல் இருப்பது இந்த மந்தத்தால்தான்.

எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதை முடிவு செய்வது டேங்குக்குள் இருக்கும் மிதவை. அதன் கை ஒரு மின்தடைச் சுருளை உரசிக்கொண்டு ஏறி இறங்கும். டேங்க் காலியென்றால் தடை சுமார் 240 ஓம். நிறைந்திருந்தால் 20, 30 ஓம்தான். பேட்டரியின் ஏற்ற இறக்கம் முள்ளைக் குழப்பாதிருக்க, ஒரு ஸ்டெபிலைசர் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் முழு 12 வோல்ட்டும் பாய்ந்து, இல்லாத பெட்ரோலையும் இருப்பதாக முள் காட்டும்.

முள் படுத்தே கிடந்தால் பலரும் முதலில் டாஷ்போர்டைக் கழற்றுகிறார்கள். வீண் வேலை. சாவியை அணைத்துவிட்டு, டேங்குக்கு வரும் பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரைக் கழற்றுங்கள். அதன் நுனியை, டேங்கிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் இறுக்கிவிட்டு அப்புறம் சாவியைப் போடுங்கள். பொறி தெறிக்கக் கூடாத இடம் அது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முள் முழு அளவை நோக்கி ஏறினால் மீட்டரும் வயரும் நிரபராதிகள். உடனே அணைத்துவிடுங்கள், பட்டை அதிகம் சூடாகக் கூடாது. ஏறவே இல்லையென்றால் வயரையும் மீட்டருக்கு வரும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும்.

ஏறிவிட்டதா? டேங்க் பக்கம் கறுப்பு எர்த் வயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். முடியாவிட்டால் மிதவையை வெளியே எடுக்க வேண்டும். இந்தக் காரில் அது டேங்கின் பக்கவாட்டில் இருப்பதால், முதலில் பெட்ரோலை இறக்காமல் கைவைத்தால் பெட்ரோல் உங்கள் மேல்தான் கொட்டும்.

எடுத்த மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'களக்' என்றால் ஊசித்துளை வழியே பெட்ரோல் புகுந்து, மிதக்க வேண்டியது மூழ்கிக் கிடந்திருக்கிறது. சத்தமில்லையா? மல்டிமீட்டரை இணைத்து மிதவையின் கையை மெல்லத் தூக்குங்கள். ஓம் கணக்கு சீராக இறங்கி வர வேண்டும். எங்கே எண் தாவுகிறதோ அங்கே சுருள் தேய்ந்திருக்கிறது.