பலர்க்கும் ஒரு நிரல்

ஓர் ஊரின் நடுவே ஊருணி ஒன்று இருக்கின்றது. ஊரார் அனைவரும் அதன் நீரையே முகந்து உண்கின்றனர். வீட்டுக்கொரு குளம் வெட்டிக்கொள்ள எவரும் முற்படுவதில்லை. பொது நீர்நிலை ஒன்று இருப்பதால் நிலமும் உழைப்பும் பொருளும் மிச்சமாகின்றன. எனினும், அந்நீரில் மாசு கலக்குமாயின், துன்பம் ஒரு வீட்டோடு நில்லாது. ஊர் முழுவதையும் பற்றும். ஆதலால், ஊருணியைப் பயன்படுத்தும் உரிமையுடன் அதனைக் காக்கும் கடமையும் ஊராரைச் சேர்ந்ததாகின்றது. கணிப்பொறி உலகிலும் இத்தகைய ஊருணிகள் உண்டு. பல மென்பொருள்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரற்கூறுகளே அவை.

கணிப்பொறி தானாக எதனையும் செய்வதில்லை. முதலில் இன்னது செய்க, அதன்பின் இன்னது செய்க என்று வரிசைப்படுத்தி எழுதிய கட்டளைகளைக் கொண்டே அஃது இயங்குகின்றது. அக்கட்டளைகளின் தொகுதிக்கு நிரல் என்பது பெயர். வங்கிக்கு ஒரு நிரல், மருத்துவமனைக்கு ஒரு நிரல், புகைவண்டி நிலையத்திற்கு ஒரு நிரல் என நிரல்கள் பலவாகும். அவற்றின் நோக்கங்கள் வெவ்வேறானவை. ஆயினும், அவை செய்யும் சிறு வேலைகளுள் பல ஒரே தன்மையன. பெயர்களை அகர வரிசையில் அடுக்குதல், இரு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தைக் கணித்தல், நீண்ட செய்தியைச் சுருக்குதல், மறைபொருளைப் பிறர் அறியாவண்ணம் பூட்டி அனுப்புதல் முதலியவை பல நிரல்களுக்கும் வேண்டுவன. இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதத்தான் வேண்டுமா? இவ்வினா கணிப்பொறியின் இளமைக் காலத்திலேயே எழுந்தது.

இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் எட்சாக் என்னும் கணிப்பொறி உருவாக்கப்பட்டது. அது 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு நிரலை இயக்கிக் காட்டியது. கட்டளைகளைத் தாள் நாடாவில் துளைகளாக இட்டுப் பொறிக்கு ஊட்டினர். பொறி விரைந்து கணித்தது. ஆனால், நிரல் எழுதிய மனிதர் அடிக்கடி தவறினர். வில்க்ஸ் எழுதிய 126 வரிகள் கொண்ட நிரல் ஒன்றில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்று தாம் அந்நாளில் உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

இத்துன்பத்தைக் குறைக்க வில்க்ஸும், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் முதலிய அவருடைய துணைவர்களும் ஒரு வழி கண்டனர். ஒருமுறை எழுதிச் சோதித்துப் பிழை நீக்கிய சிறு நிரல்களைத் தனித்தனி நாடாக்களில் பதித்து, வகைப்படுத்திச் சேமித்து வைத்தனர். இவை துணைநிரல்கள் எனப்பட்டன. வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்துப் படியெடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொண்டனர். 1951-ஆம் ஆண்டளவில் அந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அம்மூவரும் இம்முறையை விளக்கி எழுதிய நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஒருவர் பட்ட பாடு பலருக்குப் பயன்படும் நிலை இவ்வாறு தோன்றியது.

எனினும், இம்முறையில் ஒரு குறை இருந்தது. பகிரப்பட்டது துணைநிரலன்று, அதன் படியே. நூறு நிரல்கள் ஒரு துணைநிரலை வேண்டினால், அதற்கு நூறு படிகள் உண்டாயின. அவை சேமிப்பிடத்தை வீணே நிறைத்தன. மூலத்தில் பிழையொன்று பின்னர்க் காணப்பட்டால், அதனை நூறு இடங்களிலும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.

இக்குறையை நீக்கும் வழி யாது? நிரலுக்குள் படியைச் சேர்க்காமல், வேண்டிய கூற்றின் பெயரை மட்டும் எழுதி வைப்பதே அவ்வழி. நிரல் இயங்கத் தொடங்கும்போதோ, இயங்கிக்கொண்டிருக்கும்போதோ, ஏற்றி என்னும் அமைப்பு அப்பெயரைப் பார்க்கின்றது; அப்பெயருடைய கூற்றைக் குறித்த இடங்களில் தேடுகின்றது; கண்டெடுத்து நினைவகத்தில் ஏற்றுகின்றது; பின்பு, நிரலில் அக்கூற்றை அழைக்கும் இடங்களை அதனோடு இணைத்துவிடுகின்றது. வேறொரு நிரலுக்காக அக்கூறு முன்னரே ஏற்றப்பட்டிருந்தால், அதன் கட்டளைகளையே இரண்டாம் நிரலும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால், ஒவ்வொரு நிரலின் தரவுகளும் தனித்தனியே காக்கப்படும். நூலகத்தில் உள்ள ஓர் அகராதியை மாணவர் பலர் பார்க்கின்றனர். குறிப்பையோ அவரவர் தத்தம் ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். அகராதி பொது, ஏடு தனி. நிரற்கூற்றின் நிலையும் இதுவே.

1960-களின் இடைப்பகுதியில் அமெரிக்க நாட்டில் மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அமைத்தவர்கள், இயங்கும் வேளையில் இணைக்கும் இம்முறையை அதன் அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தனர். 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸின் முதற்பதிப்பிலும் இத்தகைய கூறுகள் இடம்பெற்றன. இவற்றையே டிஎல்எல் என்பர். இன்று மேசைக் கணிப்பொறி முதல் கைப்பேசி வரை இம்முறை பரவியுள்ளது.

இதன் பயனை 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும். செய்திகளைச் சுருக்குவதற்கு ஜீலிப் என்னும் நிரற்கூறு உலகெங்கும் பயன்பட்டு வந்தது. நினைவகத்தில் ஒருமுறை விடுவித்த இடத்தையே மீண்டும் விடுவிக்கும் பிழையொன்று அதில் இருப்பது அம்மாதம் அறிவிக்கப்பட்டது. தீயவர் சூழ்ச்சியாக அமைத்த தரவைக் கொண்டு, அதனைப் பயன்படுத்தும் நிரலை வீழ்த்திவிடக்கூடும். ஜீலிப்பைப் பொதுக் கூறாகப் பகிர்ந்துகொண்ட நிரல்களுக்கு மருந்து எளிதாயிற்று. அந்த ஒரு கூற்றை மாற்றி, நிரல்களை நிறுத்தி மீண்டும் தொடங்கிய அளவில் அவை யாவும் நலம் பெற்றன. தமக்குள்ளே படி வைத்திருந்த நிரல்களோ ஒவ்வொன்றாகத் தேடப்பட்டுத் திருத்தப்பட வேண்டியிருந்தன.

ஆனால், ஒன்றை மாற்றினால் அனைத்தும் மாறும் என்பதே இம்முறையின் இடரும் ஆகும். 1990-களில் விண்டோஸ் கணிப்பொறிகளில் புதிய நிரலொன்றை நிறுவும்போது, அது தனக்கு வேண்டிய பொதுக் கூற்றின் பழைய பதிப்பையோ மாறுபட்ட பதிப்பையோ, இருந்ததன்மேல் எழுதிவிடுவதுண்டு. அதனால் நேற்றுவரை செம்மையாக இயங்கிய மற்றொரு நிரல் இன்று இயங்காது நின்றது. அந்நிரலை எழுதியவரிடத்தும் பிழையில்லை, பயன்படுத்தியவரிடத்தும் பிழையில்லை. இத்தொல்லையை டிஎல்எல் நரகம் என்றே அக்காலத்தார் வெறுத்துரைத்தனர்.

இதனின்று அறிஞர்கள் சில நெறிகளைக் கற்றனர். பொதுக் கூறு என்பது ஓர் ஒப்பந்தம். அதன் பெயர் யாது, அஃது எவற்றைப் பெறும், எதனைத் திருப்பித் தரும் என்பவை அவ்வொப்பந்தத்தின் விதிகள். உட்புறத்தை எவ்வளவு வேண்டுமாயினும் செப்பனிடலாம். விதிகளை மட்டும் மாற்றலாகாது. மாற்றியே தீரவேண்டுமாயின், புதிய பதிப்பெண் இட்டுப் பழையதன் அருகே வைக்க வேண்டும். பழையதை நம்பியவர் பழையதையும், புதியதை விரும்புவோர் புதியதையும் பயன்கொள்வர். மேலும், இரண்டு குழுவினர் தனித்தனித் திட்டங்களில் ஈடுபட்டு ஒரு கூற்றைப் பகிர்வாராயின், அக்கூறு ஒரு குழுவினரின் வீட்டுக்குள் முடங்கிக் கிடத்தல் கூடாது. அதற்குத் தனி இடமும், தனிச் சோதனைகளும், பதிப்பெண்ணும், பொறுப்பாளரும் வேண்டும். இல்லையேல், ஒரு குழுவினர் தம் வசதிக்காகச் செய்யும் சிறு மாற்றம் மற்றக் குழுவினரின் உழைப்பைக் குலைத்துவிடும்.

பொறுப்பாளர் இருந்தால் மட்டும் போதுமா? அவருக்குத் துணையும் வேண்டும் என்பதை 2014-ஆம் ஆண்டு உலகம் உணர்ந்தது. இணையத்தில் செல்லும் மறைபொருளைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொதுக் கூற்றில் கொடிய பிழையொன்று இருப்பது அவ்வாண்டு ஏப்ரல் மாதம் வெளிப்பட்டது. ஹார்ட்பிளீட் என அதற்குப் பெயரிட்டனர். ஒருவர் சிறு செய்தியை அனுப்பி, அதன் நீளத்தை மிகைப்படுத்திக் கூறித் திருப்பிக் கேட்டால், அக்கூறு நீளத்தைச் சரிபார்க்காமல், தன் நினைவகத்தில் இருந்தவற்றை ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அவற்றுள் பிறருடைய கடவுச்சொற்களும் மறைச்சாவிகளும் இருத்தல் கூடும். இப்பிழை ஈராண்டுகளாக அதில் மறைந்திருந்தது. எண்ணற்ற நிறுவனங்கள் அக்கூற்றைப் பயன்படுத்தின. அதனைப் பேணி வந்தவரோ மிகச் சிலர். அனைவரும் நீர் முகந்தனர். கரையைப் பார்த்தவர் அரியர். அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பெரிய நிறுவனங்கள் பல ஒன்றுகூடி, இத்தகைய பொதுக் கூறுகளைப் பேணுவதற்குப் பொருளுதவி செய்ய முன்வந்தன.

பகிர்தலால் உழைப்பு மிஞ்சுகின்றது, திருத்தமும் எளிதாகின்றது. ஆயினும், பலர்க்கும் உரியதைத் தமக்கு மட்டும் உரியதென எண்ணி மாற்றுவாராலும், எவர்க்கும் உரியதன்று எனக் கருதிக் கைவிடுவாராலும் அப்பயன் கெடுகின்றது. ஊருணியில் நீர் முகப்பவர் அதன் கரையையும் காத்தல் வேண்டும். நிரலெழுதும் தொழிலுக்கும் அவ்வறம் பொருந்தும்.