பழைய கைக்கடிகாரமும் மாற்று உறுப்புகளும்

அண்மையில் எங்கள் அடுகோடி கிளைக்கு ஓய்வூதியம் தொடர்பாக வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், வந்த வேலை முடிந்த பின்னும் தயங்கி அமர்ந்திருந்தார். பிறகு, கைக்குட்டையில் சுற்றியிருந்த எச்.எம்.டி. ‘ஜனதா’ கைக்கடிகாரத்தை மேசைமீது வைத்தார். முதல் சம்பளத்தில் வாங்கியதாம். வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்த சேகரிப்பாளர், நேரில் பார்த்ததும் விலகிக்கொண்டார். “நல்ல விலைக்குப் போகட்டுமென்று முகப்புக்கு வண்ணம் பூசி, முட்களையும் மாற்றிக் கொண்டுபோனேன். அதனால்தான் வேண்டாம் என்கிறார், சார்” என்றார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கு அத்தொகையை அவர் நம்பியிருந்தார்.

இத்தகைய இழப்பு மற்றவர்க்கும் நேரக்கூடும் என்பதால் இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. ஜனதா, பைலட், காஞ்சன் முதலியவை நம் வீடுகளில் ஒரு தலைமுறையின் மணிக்கட்டில் இருந்தவை. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன்பின் சேகரிப்போரின் ஆர்வம் கூடியது. அசல் உதிரிப் பாகங்களோ அரிதாயின. சந்தைக்கு வரும் பழைய கடிகாரங்களுள் பல, நான்கைந்து கடிகாரங்களின் உறுப்புகளைக் கோத்து உருவாக்கியவை. அவை நேரம் சரியாகவே காட்டும்; ஆனால் சேகரிப்பாளர் நேரத்திற்காக மட்டும் விலை கொடுப்பதில்லை.

தேயும் உறுப்பு ஒருவகை, அடையாளம் தரும் உறுப்பு மற்றொருவகை. வார், மேற்கண்ணாடி, உள்ளிருக்கும் முதன்மை வில்சுருள் ஆகியவை காலப்போக்கில் மாற்றப்பட வேண்டியவையே. இவற்றை மாற்றியதால் மதிப்பு பெரிதாகக் குறைவதில்லை. சாவி கொடுக்கும் திருகும் அவ்வாறே, அதே வகையினதாயின். முகப்பின் நிலை வேறு. மதிப்பின் பெரும்பகுதி அதில்தான் தங்கியுள்ளது. சிறிது மஞ்சள் படிந்து, ஓரத்தில் புள்ளி விழுந்த அசல் முகப்பு, புதிதாக வண்ணம் பூசியதைவிட உயர்ந்ததாகவே கருதப்படுகிறது. மீள்பூச்சில் எழுத்துகள் தடித்துவிடும். கீழ் விளிம்பின் நுண்ணெழுத்துகள் மங்கும் அல்லது மறையும். மணிக்கோடுகள் நேர் விலகும். பூதக்கண்ணாடியில் இவை உடனே தெரியும். உறையை மிகுதியாக மெருகேற்றினால் கூரிய விளிம்புகள் மழுங்கிவிடும். தேய்ந்துபோன உலோகம் திரும்பி வருவதில்லை.

மேலை நாடுகளில் பழைய கோல்ட் ரிவால்வர்களைச் சேகரிப்போரும் இதே கணக்கைப் பார்க்கின்றனர். சட்டகம், குழல், சுழல் உருளை ஆகியவற்றில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் ஒரு விலை. உருளை வேறொன்றிலிருந்து எடுக்கப்பட்டதாயின் வேறு விலை. (நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், கடிகாரத்திற்கு அத்தொல்லை இல்லை.)

எனவே, பழுது பார்க்கக் கொடுக்குமுன் முகப்பு, பின்மூடி, உள் இயந்திரம் மூன்றையும் ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்க. சுத்தம் செய்து எண்ணெயிட்டால் போதும், முகப்பைத் தொடவேண்டாம் எனத் தெளிவாகக் கூறுக. ஏதேனும் உறுப்பை மாற்றியே ஆகவேண்டுமெனில் பழையதைத் தவறாமல் கேட்டு வாங்குக. அதுவும் கடிகாரத்தின் ஒரு பகுதியே. விற்கும்போது மாற்றியதை மறைக்காமல் சொல்வது நல்லது. மாற்றம் தெரிந்து வாங்குபவர் குறைத்தாவது வாங்குவார். பின்னர் கண்டுபிடிப்பவர் திருப்பித் தருவார்.

எங்களைச் சந்தித்த வாடிக்கையாளரின் கடிகாரத்தில் முகப்பை மீட்க வழியில்லை. பழைய முட்களை மட்டும் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவற்றைத் திரும்பப் பொருத்தலாம். கட்டணத்திற்குக் கல்விக் கடன் விண்ணப்பத்தை அன்றே கொடுத்தனுப்பினோம். கைக்கடிகாரத்தை ஈடாக ஏற்று நாங்கள் கடன் வழங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்க விரும்புவோர் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வைக்கலாம். பெட்டகத்தில் இருப்பது என்ன என்பதை வங்கி பதிவு செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரையே. ஆகவே, ஒளிப்படங்களையும் வாங்கிய ரசீதையும் பெட்டகத்திற்கு வெளியே, வீட்டில் தனியே வைத்திருங்கள்.